இரண்டு கரண்டி எண்ணெய்

ஒரு இட்லிக்கு முப்பத்தொன்பது கலோரி என்று நெட்டில் ஒருத்தன் போட்டிருக்கிறான், இன்னொருத்தன் ஐம்பத்தெட்டு என்கிறான், செல்போனில் இருக்கிற இந்த ஆப்போ அறுபத்தைந்து என்று அடித்துச் சொல்கிறது, ஆனால் எந்த இட்லி என்று ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. மோகனா ஊற்றுகிற இட்லி என் உள்ளங்கையை மூடும். இந்த ஆஸ்பத்திரி கேண்டீன் இட்லியை வரும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன், பணியாரம் அளவுக்குத்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்றால் டெம்போவும் பத்துச் சக்கர டாரஸ் லாரியும் ஒன்று. பசிக்கிறது. ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், வந்திருக்கிறேன், ஆகவே இன்றைய கணக்கு பூஜ்யம், இத்தனை நாளில் சந்தேகமே இல்லாத ஒரே கணக்கு இந்தப் பூஜ்யம்தான். எதிர்ச் சுவரில் சிவப்பு எழுத்தில் டோக்கன் எண்கள் மாறுகின்றன, என்னுடையது வருவதாகக் காணோம். பக்கத்து நாற்காலியில் என் மனைவி மோகனா பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருக்கிறாள். "பசிக்குதுங்களா?" என்கிறாள். இல்லை என்று தலையாட்டுகிறேன். அவளும் சாப்பிடவில்லை. அவளுக்கு யாரும் ஸ்கேன் எடுக்கப்போவதில்லை, ஆனாலும் சாப்பிடவில்லை. உள்ளே கூப்பிட்டுப் படுக்க வைத்து என் ஈரலில் இருக்கிற கொழுப்பு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொழுப்பு இறங்கியிருந்தால் ஈரலில் ஒரு பாதியை அறுத்து என் தம்பி பூபதிக்கு வைப்பார்கள். இறங்கவில்லை என்றால், இறங்கவில்லை என்றால் என்ன என்பதை நான் இப்போது நினைக்கப்போவதில்லை, இட்லியைப் பற்றி நினைக்கிறேன், இட்லிதான் நல்லது.

ஐந்து கிலோ குறையுங்கள், கொழுப்பு தன்னால் இறங்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஐந்து கிலோ எனக்கு ஒரு பெரிய விஷயமா என்று வெளியே வந்து சிரித்தேன். நாமக்கல் ரோட்டில் நான் வேபிரிட்ஜ் வைத்திருக்கிறேன், லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை போடுகிற மேடை. கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிவருகிற வண்டியெல்லாம் என் மேடையில் ஏறி இறங்கித்தான் ஆலைக்குள் போகும். டன் கணக்கில் பார்த்துப் பழகின கண்ணுக்கு ஐந்து கிலோ தூசு. அன்றைக்கு ஊருக்குப் போனதும் வண்டி எதுவும் இல்லாத நேரம் பார்த்து நானே மேடையில் ஏறி நின்றேன், எண்பது என்று காட்டியது. பத்துப் பத்தாகத்தான் அது ஏறும், பத்துப் பத்தாகத்தான் இறங்கும். நான் குறைக்க வேண்டிய ஐந்து கிலோ என் மேடைக்குக் கண்ணில் படவே படாது. இத்தனை வருஷம் எடை போட்டுச் சோறு தின்றவனுக்குத் தன் எடையைப் பார்க்க மருந்துக்கடை வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. டயட்டீஷியன் என்று ஒரு பெண், யாழினி வயதுதான் இருக்கும், யாழினி எங்கள் மகள், சேலத்தில் காலேஜ் படிக்கிறாள், அந்தப் பெண்தான் இந்த ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்தது. "வாய்க்குள்ள போற எல்லாத்தையும் இதுல போட்டுருங்க சார், ஆயிரத்து நானூறு தாண்டக் கூடாது." தாண்டவில்லையே. ஒரு நாள்கூடத் தாண்டவில்லை. கடலை மிட்டாயை உடைத்தால் உடைந்த துண்டைக்கூடப் போட்டேன். டீக்கடையில் சர்க்கரை எத்தனை ஸ்பூன் போட்டாய் என்று மாஸ்டரை நிற்க வைத்துக் கேட்டேன், அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். கணக்கில் நான் கில்லாடி. லாரிக்காரன் செய்கிற தில்லுமுல்லு எல்லாம் எனக்கு அத்துப்படி. சரக்கோடு எடை போடும்போது கிளீனரைக் கேபினுக்குள் படுக்க வைப்பான், காலி வண்டியாக வரும்போது அவனை டீ குடிக்க இறக்கிவிட்டு வருவான், கிளீனரின் எடையும் சோளமாகிவிடும். எடை காட்டுகிற பெட்டி பொய் சொல்லவே சொல்லாது, அதன் மேல் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எட்டிப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். நான் எட்டிப் பார்ப்பேன். என் மேடையில் யாரும் என்னை ஏமாற்றியதில்லை.

ஆனால் மருந்துக்கடை மெஷின் இறங்க மாட்டேன் என்கிறதே. முதல் வாரம் ஒரு கிலோ இறங்கியது, மோகனாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அப்படிங்களா என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அசையவில்லை. பிறகு அந்த ஒரு கிலோவும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. மெஷின் சரியில்லை என்று வேறு கடை மெஷினில் ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பெல்ட்டைக் கழற்றினேன், கடைக்காரர் சிரித்தார். நாற்பது வயதுக்கு மேல் உடம்பு அப்படித்தான் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று படித்தேன், தூக்கம் போதாவிட்டால் இறங்காது என்று படித்தேன், கவலைப்பட்டால்கூட ஏறுமாம், கவலைக்கு எத்தனை கலோரி என்று ஆப்பில் போட்டுப் பார்க்கலாம். சாப்பாடு முழுக்க வீட்டுச் சாப்பாடு. மோகனா பரிமாறுவாள், நான் போனை எடுத்துக்கொண்டு கேட்பேன், "எண்ணெய் எவ்வளவு?" "ரெண்டு கரண்டிங்க." ஒவ்வொரு வேளையும் ரெண்டு கரண்டிதான். ரெண்டு என்று போடுவேன். கொள்ளு கடைந்தாலும் ரெண்டு, கத்திரிக்காய் வதக்கினாலும் ரெண்டு, தோசை சுட்டாலும் ரெண்டு. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று ஊரே சொல்கிறது, இத்தனை கொள்ளுக்கு நான் இந்நேரம் குதிரை மாதிரி ஓட வேண்டும். கை கழுவும்போது சோப்பு. வேண்டாம், அது எதற்கு இப்போது. டோக்கன் மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இல்லை, அதே எண்தான். யாரோ ஒரு அம்மாள் எழுந்து போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறாள். வடை வாசம் வருகிறது. வடை ஒன்றுக்கு நூறுக்கு மேல், எண்ணெய் எவ்வளவு குடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து, அது எவ்வளவு குடித்தது என்று வடைக்குத்தான் தெரியும்.

போன் அடிக்கிறது. பூபதி. "சாப்ட்டியாண்ணா?" என்கிறான். அவனுக்குப் பேச்சைத் தொடங்க வேறு வார்த்தை தெரியாது, எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது, சண்டை போட்டுவிட்டு மறுநாள் பேசினாலும் சாப்ட்டியாதான். "ஸ்கேனுக்கு வந்திருக்கறன்டா, சாப்டக் கூடாது." "அட ஆமா, மறந்துட்டன் பாரு." குரல் தேய்ந்துபோய் வருகிறது. ராசிபுரத்தில் வீட்டில் படுத்திருக்கிறான், கண் மஞ்சள், கால் வீக்கம், உப்பில்லாத சோறு, அதுவும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. ஒரு சொட்டு குடித்தவன் இல்லை, ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் இனிமேலாவது குடிக்காதே என்று புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவன் தலையாட்டி வைக்கிறான். எனக்கு ஆயிரத்து நானூறைத் தாண்டக் கூடாது, அவனுக்கு நானூறு ஏறினால் அவன் மனைவி கும்பிடு போடுகிறாள். சின்ன வயதில் ஒரு முட்டையை அம்மா நூலை வைத்து அறுத்து இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி வைப்பாள், உனக்குத்தான் மஞ்சள் கரு அதிகம் என்று இந்தப் பயல் ஒவ்வொரு தடவையும் அழுவான், நான் மாற்றிக் கொடுப்பேன், மாற்றிக் கொடுத்த பிறகும் அழுவான். இப்போது பாதியைக் கொடுக்கிறேன் என்று நானே சொன்னதும் திரும்பிப் படுத்துக்கொண்டான். "அண்ணி வந்திருக்காங்களா?" என்கிறான். "பக்கத்துலதான் இருக்கறா." "அண்ணா, அண்ணி முகத்தப் பாத்தாலே தெரியுதுண்ணா. அவங்களுக்கு உள்ளுக்குள்ள இஷ்டமில்ல. அதுல தப்பும் இல்ல. ஆகலீன்னா விட்ரு. நான் கோவிச்சுக்க மாட்டன்." லாரிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியதால் என் போனில் சத்தத்தைக் குறைத்து வைப்பதே இல்லை, அவன் சொன்னது மூன்று நாற்காலிக்குக் கேட்டிருக்கும். ஜிப் சத்தம் நின்றுவிட்டது. போடா, போய்ப் படு என்று சொல்லி வைத்துவிட்டேன். மோகனா டோக்கன் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதில் பார்க்க ஒன்றுமில்லை.

சம்மதம் என்று அவள் கையெழுத்துப் போட்டாள். அதை நான் மறக்கவில்லை. கொடுக்கிறவன் மனைவியும் சம்மதிக்க வேண்டும் என்று காகிதத்தை நீட்டினார்கள், சுற்றி என் சொந்தம் முழுக்க நிற்கிறது, தம்பி மனைவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், அந்த இடத்தில் எவளால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? போட்டாள். வீட்டுக்கு வருகிற வழியில் காரில் ஒன்று மட்டும் கேட்டாள், "அறுத்தது திரும்ப வளந்துருமுங்களா?" வளரும் என்றேன். "எல்லாருக்கும் வளருமா?" என்றாள். நான் ஹாரன் அடித்தேன், எதிரே வண்டி எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பரிமாறினாள். கை கழுவும்போது சோப்பு, சரி, வா, வந்து தொலை, எத்தனை தடவை விரட்டுவது. கை கழுவும்போது சோப்பை இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. கொள்ளு கடைந்ததைப் பிசைந்து தின்ற கை தண்ணீர் பட்டதும் முத்து முத்தாக உருட்டிவிட்டது. ரெண்டு கரண்டியில் அப்படி உருளாது. தட்டின் விளிம்பில் மினுமினுப்பு இருந்தது, பார்த்தேன், ரெண்டு என்று போட்டேன். செக்கிலிருந்து கடலை எண்ணெய் டின் வாங்கிவருவது நான்தான். ஒரு டின் எத்தனை நாள் வரும் என்று எனக்குத் தெரியாதா? போகிறபோக்கில் டின்னைத் தூக்கிப் பார்த்தாலே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுகிற கை இது. சீக்கிரமே அடுத்த டின் வேண்டும் என்றாள், சரி என்று வாங்கி வந்தேன், ஏன் என்று கேட்கவில்லை. கேபினுக்குள் கிளீனர் படுத்திருக்கிறான், போர்வைக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கிறது, நான் பெட்டியில் இருக்கிற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு சீட்டு கிழித்துக் கொடுத்திருக்கிறேன். வாயால் சொல்ல முடியாத 'வேண்டாம்' என்பதை அவள் கரண்டியால் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டலாம் என்று பார்க்கிறேன், கோபம் வர மாட்டேன் என்கிறது. ஏனென்றால் அந்த எண்ணெயைத் தின்றது நான். ருசியாக இருந்தது. ருசியாக இருந்தது மட்டுமில்லை, ஒவ்வொரு வாய்க்கும் உள்ளே ஏதோ ஒன்று ஆறுதலாகக் காலை நீட்டி உட்கார்ந்தது. என்னை மேசையில் படுக்க வைத்து வயிற்றைத் திறப்பார்கள் என்ற நினைப்பு கொஞ்சம் தள்ளிப் போனது. எனக்குப் பயமாக இருக்கிறது. பூபதி செத்துவிடுவான் என்று பயம், நான் செத்துவிடுவேன் என்று பயம், இரண்டில் எது பெரியது என்று போட்டுப் பார்க்க எந்த மேடையிலும் எனக்குத் தைரியமில்லை. ஆயிரத்து நானூறு, ஆயிரத்து முந்நூற்று எண்பது, ஆயிரத்து நானூறு என்று எவ்வளவு அழகாகப் போட்டு வைத்திருக்கிறேன். நான் ஒழுங்காகத்தான் இருந்தேன் என்று நாளைக்குக் காட்ட ஒரு சாட்சி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "குழந்தைவேல், குழந்தைவேல் யாருங்க?" நான்தான். நான்தான் குழந்தைவேல். எழுந்திருக்கிறேன், கால் மரத்துப் போயிருக்கிறது.

ஸ்கேன் மெஷின் குளிர்ந்து கிடக்கிறது. மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்கிறது ஒரு குரல், பிடிக்கிறேன், விடுங்கள் என்கிறது, விடுகிறேன். இது ஒன்றும் என்னிடம் ரெண்டா மூன்றா என்று கேட்கப்போவதில்லை, நேராக உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் சட்டை போட்டுக்கொண்டு, அப்புறம் மறுபடி நாற்காலி, அப்புறம் டாக்டர் அறை, மோகனா என் பின்னாலேயே வந்து சுவரோரமாக உட்காருகிறாள். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். "குறையலையே குழந்தைவேல். போன தடவைக்கு இப்ப கொஞ்சம் கூடத்தான் இருக்கு." அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியை அப்போதே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. போனைக் கேட்டார், கொடுத்தேன், விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "கணக்கு ரொம்பச் சுத்தமா இருக்கு. இவ்வளவு சாப்ட்டவருக்கு இப்படி இருக்காது. அப்ப இது எங்கிருந்து வருது?" ஜிப் ஒரு தடவை போய் வந்தது. அவள் வாயைத் திறக்கிறாள் என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது. "நாந்தானுங்க டாக்டர்," என்றேன், "லாரிக்காரங்களோட புரோட்டாக் கடைக்குப் போயிருவனுங்க. அதை இதுல போடலீங்க." டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பயமா இருந்தா இருக்கட்டும், அது குத்தமில்ல. உங்களுக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. ஈரல் பொருந்தலைன்னு நாங்களே எழுதிக் குடுத்து நிறுத்திருவோம். இந்த ரூமைத் தாண்டி ஒருத்தருக்கும் தெரியாது, உங்க தம்பிக்கும் தெரியாது." தப்பிக்க ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டார். நடந்து வெளியே போனால் போதும், கைகால் முழுசாக, ஊர் முன்னால் தலை நிமிர்ந்து. அவனே விட்ருண்ணா என்று சொல்லிவிட்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்த வார்த்தை என்றுதான் எனக்கே தெரியவில்லை. பின்னாலிருந்து மோகனா சொன்னாள், "இன்னொரு தவணை குடுங்க டாக்டர். புரோட்டா எல்லாம் ஒன்னுமில்லீங்க. ஊட்ல சமைக்கறது நானு."

டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன், என் தலைதான் ஆடியது. அடுத்த மாதம் ஒரு தடவை பார்க்கலாம், அதற்கு மேல் தள்ள முடியாது, தம்பி அதுவரை தாங்குவார் என்று நினைக்கிறேன், நினைக்கத்தான் முடியும் என்றார். வெளியே வந்து நடந்தோம். கேண்டீனில் கூட்டம் இல்லை. உட்கார்ந்ததும் கேட்டாள், "எப்ப இருந்து தெரியும்?" "ரெண்டாவது டின்னுக்கு முன்னாடியே." "தெரிஞ்சுமா சாப்ட்டீங்க?" "சாப்ட்டேன்." மேசையில் யாரோ சிந்திய சாம்பாரை அவள் முந்தானை நுனியால் துடைத்தாள், ஊர் மேசையை எல்லாம் துடைக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் உண்டு. "எனக்குப் பயமா இருக்குது மோகனா." "எனக்கு இல்லைன்னா நெனச்சீங்க? யாழினிய வெச்சுக்கிட்டு நான் எங்க போயி நிக்கறது?" என்றாள். அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்தப் பையன் அண்ணி முகத்தப் பாத்தாத் தெரியுதுன்னு சொல்றானுங்க. சாகக் கிடக்கறவன் என் மொகத்தப் பாத்துட்டு எனக்கு வேண்டாமுங்கறான். அதைக் கேட்டுட்டு நான் எப்படிங்க கரண்டியப் புடிப்பேன்." எனக்கும் அழுகை வந்தது, சர்வர் ஆளுக்கொரு தட்டைக் கொண்டுவந்து வைத்ததால் அடங்கியது. என் தட்டில் நான்கு இட்லி, பசியில் நான்தான் சொல்லியிருந்தேன் போல. பணியாரம் அளவு என்று நினைத்தேன், கிட்டத்தில் பார்த்தால் சுமாராகத்தான் இருந்தது. ஒன்று ஐம்பதா, அறுபதா, யாருக்குத் தெரியும். போனை எடுத்து ஆப்பைத் திறப்பதற்குள் அது அடித்தது, திரையில் பூபதி பெயர். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் தட்டில் எனக்குப் போதும் என்ற பிறகும் ஒன்று வைத்தே பழகியவள், கையை நீட்டி இரண்டு இட்லியை என் தட்டிலிருந்து எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தாள். "சாப்டறாருங்க தம்பி," என்றாள், "அளவாத்தான். நான் பாத்துக்கறனுங்க."